தலைப்பு எழுத ஆள் வேண்டாம் என்கிறவர்களுக்கு

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களுக்கும், இயக்குநர்களுக்கும், படங்களின் விளம்பரப் பொறுப்பில் இருப்பவர்களுக்கும்,

படங்களின் பெயரைக் கையால் எழுத்தோவியமாக வரைந்து தருகிறவர்கள் நாங்கள். அண்மையில் ஒரு தயாரிப்பு நிறுவனத்திலிருந்து எங்களில் சிலருக்கு ஒரு தகவல் வந்தது. இனி அவர்கள் படங்களுக்குத் தலைப்பு எழுதத் தனியாக ஆள் கிடையாது. போஸ்டர் செய்கிறவரே படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் பெயரைக் கொடுத்து எடுத்துக்கொள்வார். பிடித்த பழைய தலைப்பு எதையாவது மாதிரிக்குக் காட்டினால் போதுமாம். அவர்கள் மாதிரிக்கு இணைத்திருந்த தலைப்புகளில் ஒன்று நான் எழுதியது.

அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அவர்களோடு மட்டும் பேச வேண்டியது என்றால் அவர்களுக்கே எழுதியிருப்பேன். அவர்கள் வெளிப்படையாகச் சொன்னதை உங்களில் பலர் சொல்லாமலே செய்யத் தொடங்கிவிட்டீர்கள். அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன்.

ஒரு படத்தின் பெயரை நீங்கள் எவ்வளவு கவனமாகக் காக்கிறீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். திரைக்கதை முடியும் முன்பே திரைப்பட வர்த்தக சபையிலோ தயாரிப்பாளர்களின் சங்கத்திலோ கில்டிலோ பதிவு செய்கிறீர்கள். காலாவதி ஆகாமல் புதுப்பிக்கிறீர்கள். இன்னொருவர் கையில் இருந்தால் பேசி வாங்குகிறீர்கள். பேச்சு முறிந்தால் வழக்குக்கும் போகிறீர்கள். 2006-ல், தமிழில் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்று தமிழக அரசு அறிவித்தபோது, ஆங்கிலப் பெயரோடு வளர்ந்துகொண்டிருந்த படங்கள்கூட அவசரமாகத் தமிழ்ப் பெயருக்கு மாறின. பெயர் தமிழாக இருக்கிறதா என்று பார்க்க அன்றைக்கு ஆள் இருந்தது. அது தமிழ் எழுத்தில் எப்படி நிற்கிறது என்று பார்க்க அன்றும் ஆளில்லை, இன்றும் இல்லை. இவ்வளவு பாடுபட்டுக் கைக்கு வந்த பெயரை எழுத எங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு ராத்திரி. “நாளைக்குக் காலைல ஃபர்ஸ்ட் லுக் சார், நைட்டுக்குள்ள டைட்டில் வந்துடுமா?”

வந்துவிடும். எப்போதும் வந்திருக்கிறது. அப்படி வந்துகொண்டே இருந்ததால்தான் இது ஒரு வேலையே இல்லை என்று தோன்றிவிட்டதோ என்னவோ.

மாதிரிக்கு எடுத்துக்கொண்ட என் தலைப்பைப் பற்றிச் சொல்கிறேன். அது கிணறு வெட்டுகிற ஒருவரின் கதை. இயக்குநர் கதை சொன்னபோது பெயரைக் கடைசியில்தான் சொன்னார். பெயரின் நடுவில் ஒரு ‘ழு’. எனக்கு அந்த ஒரு எழுத்து போதுமானதாக இருந்தது. மற்ற எழுத்துகளையெல்லாம் தரை மட்டத்தில் குட்டையாக, அகலமாக, அசையாமல் உட்கார வைத்தேன். ழுகரத்தின் கீழ்விலங்கை, அதாவது உகரத்துக்காக அடியில் வரும் வாலை, மட்டும் நேர்கீழே இறக்கினேன், மற்ற எழுத்துகளின் உயரத்தைப்போல் மூன்று பங்குக்கு. இறங்க இறங்கக் கோடு மெலியும். முடிகிற இடத்தில் மை கொஞ்சம் தேங்கியிருக்கும். தூரிகையை ஓட்டிக்கொண்டு போய் அங்கே ஒரு கணம் நிறுத்தினால்தான் அப்படித் தேங்கும். கீழே தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது படத்தின் கடைசிவரை தெரியாது. அதனால் அந்தத் தேங்கலைச் சொட்டாகவும் வரையவில்லை, வறண்ட கீறலாகவும் விடவில்லை. இது தற்செயலாக வந்ததில்லை. தாள் தாளாக எழுதிப் பார்த்து, இயக்குநரும் நானும் சண்டை போட்டு முடிவு செய்தது.

படம் வெளியானபோது செய்தித்தாள் விளம்பரத்தில் அந்த வாலை வெட்டிவிட்டார்கள். கீழே “உலகமெங்கும்” என்ற வரிக்கு இடம் வேண்டுமாம். வால் போனதும் ‘ழு’ ‘ழ’ ஆயிற்று. படத்தின் பெயரே மாறிப்போய் அச்சில் வந்தது. பதிவு செய்து, புதுப்பித்து, காத்து வைத்திருந்த அதே பெயர். அலுவலகத்தில் யாரும் கவனிக்கவில்லை. கவனித்துச் சொன்னபோது, “படிக்கிறவங்களுக்குப் புரியும் சார், விடுங்க” என்றார்கள்.

இப்போது அந்த நிறுவனம் இணைத்திருந்த இன்னொன்றைப் பாருங்கள். என் தலைப்பை மாதிரியாகக் கொடுத்து, செயலியிடமிருந்து வாங்கிய வேறொரு படத்தின் தலைப்பையும் பெருமையோடு அனுப்பியிருந்தார்கள். அதில் எல்லா எழுத்துக்கும் வால் இருந்தது! ‘ட’வுக்கு ஒரு வால். ‘ம்’முக்கு ஒரு வால், ஆனால் புள்ளியைக் காணோம். ரகரமும் துணைக்காலும் ஒரே மாதிரி நின்றன. ஓலைச்சுவடிக் காலத்தில் அப்படித்தான் எழுதினார்கள் என்று வேண்டுமானால் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இன்றைய வாசகர் ரகரத்தின் அடியில் அந்தச் சாய்கோட்டைத் தேடித்தான் படிக்கிறார். எழுத்தின் மேலெல்லாம் வெடித்த மண் மாதிரி ஒரு தோல் போர்த்தியிருந்தது. நான் எழுதியதில் மண்ணே கிடையாது. வெறும் கறுப்பு மை.

செயலிகள் நாளுக்கு நாள் தேறிவருகின்றன, நாளைக்குப் புள்ளியைச் சரியாக வைத்துவிடும் என்று சொல்வீர்கள். வைக்கட்டும். பிழையில்லாமல் எழுதுவது எங்கள் வேலையின் முதல் படி மட்டும்தான். அந்தச் செயலிக்கு என் தலைப்பில் கண்ணில் பட்டது வாலும் கறுப்பும். வால் ஏன் ஒரே எழுத்துக்கு மட்டும் இருக்கிறது என்பது கண்ணில் படவில்லை. அது கதை கேட்கவில்லை. அது அதன் குற்றமில்லை, யாரும் அதற்குச் சொல்லவில்லை. ஆனால் எங்களுக்கும் இப்போதெல்லாம் கதை சொல்வதில்லையே, அதை என்னவென்பது? “ஆக்‌ஷன் படம் சார். மாஸா இருக்கணும்.” இவ்வளவுதான் வருகிறது. கூடவே வேறு நான்கு படங்களின் தலைப்புகள், “இந்த மாதிரி, ஆனா இது இல்ல” என்ற குறிப்போடு. இதே குறிப்பைச் செயலிக்குக் கொடுத்தால் அந்த நான்கையும் கலந்து ஐந்தாவதாக ஒன்று தரும். எங்களிடம் கொடுத்தாலும் ஏறக்குறைய அதுதான் வரும். அந்த வகையில் நாங்களும் செயலியும் ஒன்றுதான் என்று நீங்கள் நினைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது.

தமிழ் எழுத்தில் ஒரு பெயர் எழுதுவதில் என்ன அப்படிப் பெரிய வேலை என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உங்களில் பெரும்பாலானோர் தலைப்பைத் திறன்பேசியில், வாட்ஸ்அப்பில், ஒரு விரலால் தள்ளிப் பார்த்து முடிவு சொல்கிறவர்கள்.

ஆங்கிலப் பெரிய எழுத்துகளை ஒரு வரியில் வைத்தால் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, நடுவில் எல்லாம் அடங்கிவிடும். தமிழ் அப்படி அடங்காது. இகரத்துக்குப் போடும் மேல்விலங்கு எழுத்துக்கு மேலே எழும்பும். கீழ்விலங்கு ஒவ்வொரு எழுத்துக்கும் ஒவ்வொரு விதமாக இறங்கும்: ‘கு’ ஒரு விதம், ‘சு’ ஒரு விதம், ‘நு’ ஒரு விதம், ‘டு’ ஒரு விதம். கொம்பு முன்னால் வந்து நிற்கும், கால் பின்னால் வரும். ‘ர’ ஒல்லி, ‘ண’ அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அகலம். அடுத்தடுத்த இரண்டு எழுத்துக்கு நடுவே எவ்வளவு இடம் விடுவது என்பதை அளவுகோலால் முடிவு செய்ய முடியாது. ‘ட’வுக்கு வலப்பக்கம் மேலே ஒரு வெட்டவெளி இருக்கிறது. அதன் பக்கத்தில் ‘ா’ வந்தால் ஒரு நெருக்கம், கொம்பு வந்தால் வேறு நெருக்கம்.

இதைவிட முக்கியமானது எழுத்துகளின் சுபாவம். ‘ப’, ‘ட’, ‘ம’, ‘ய’ எல்லாம் மூலை உள்ளவை, மேலே திறந்தவை. ஒரு பெயர் முழுக்க இவையே வந்துவிட்டால் அது வரிசையாகக் கட்டிய சுவர். கோபம், பிடிவாதம், அதிகாரம் எல்லாம் அதில் எளிதாக வரும், மென்மைதான் வராது. அப்போது மூலைகளை உருட்டினால் மட்டும் போதாது. நிமிர்ந்த கோடுகளைக் கொஞ்சம் வெளியே சாய்க்க வேண்டும், அடிக்கோட்டைத் தொய்ய விட வேண்டும். எதிர்ப்பக்கம் ‘ஞ’, ‘ஐ’, ‘ழ’, ‘ஒ’ எல்லாம் சுழிகளால் ஆனவை. அவை நிறைந்த ஒரு பெயர் கொலைப்படத்துக்கு அமைந்துவிட்டால் சிரமம். சுழியை முழுக்க மூடாமல் வெட்டி நிறுத்தலாம், தூரிகையைக் காயவிட்டு வேகமாக இழுக்கலாம். காய்ந்த தூரிகையின் மயிர் பிரிந்து கோட்டுக்கு நடுவே வெள்ளைக் கீற்றுகள் விழும், எழுதியவர் ஓடிக்கொண்டே எழுதியதுபோல் இருக்கும். அதையும் எல்லா எழுத்துக்கும் செய்தால் சலித்துவிடும். எந்த இடத்தில் வேகம், எந்த இடத்தில் தயக்கம் என்பது கதையிலிருந்து வர வேண்டும்.

தடிப்பும் மெலிவும் அப்படித்தான். பட்டை முனைப் பேனா பழக்கத்தில் வளர்ந்தது ஆங்கில எழுத்து. அதில் எந்தக் கோடு தடிக்கும், எது மெலியும் என்பது ஏறக்குறைய தீர்மானமான விஷயம். நம் எழுத்து ஓலையில் எழுத்தாணியால் கீறி வளர்ந்தது. அந்தக் கோட்டில் தடிப்பும் இல்லை, மெலிவும் இல்லை. ஆங்கிலத்தின் கணக்கை அப்படியே தமிழில் ஏற்றினால் ‘ப’வும் ‘ம’வும் தாக்குப்பிடிக்கும், ‘ஞ’வும் ‘ழ’வும் நொண்டும். எங்கே அழுத்துவது, எங்கே கையைத் தளர்த்துவது என்பதை ஒவ்வொரு பெயருக்கும் புதிதாக முடிவு செய்கிறோம். எழுத்துருவிலிருந்து தட்டச்சு செய்த பெயரின் மேல் தீ, ரத்தம், துரு, பனி என்று தோல் மாற்றிப் போடுவதை ‘டைட்டில் டிசைன்’ என்கிறீர்கள். அதில் எழுத்தின் எலும்புக்கூடு எல்லாப் படத்துக்கும் ஒன்றாகவே இருக்கிறது. தூரத்திலிருந்து பார்க்கிறவருக்குத் தெரிவது அந்த எலும்புக்கூடுதான்.

(புள்ளியைத் தோட்டாவாக்குவது, ழகரத்தின் வாலைக் கத்தியாக்குவது, காதல் படம் என்றால் சுழிக்குள் இதயம் போடுவது, இதையெல்லாம் கேட்காதீர்கள் என்று தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.)

பல மொழிகளில் ஒரே நேரத்தில் வெளியாகும் படங்கள் வந்தபிறகு நடப்பது இன்னொரு வேதனை. முதலில் ஆங்கிலத் தலைப்பு வரைகிறார்கள். அதற்கு நேரமும் ஆளும் கிடைக்கிறது. பிறகு அதே ‘லுக்’கில் தமிழ், தெலுங்கு, இந்தி, கன்னடம், மலையாளம் என்று ஒரே நாளில் ஐந்து. தேவநாகரிக்குத் தலைக்கோடு உண்டு, எழுத்துகள் அதில் தொங்கும். தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் தலையில் கட்டு உண்டு. தமிழுக்கும் மலையாளத்துக்கும் இரண்டும் இல்லை. ஆங்கில எழுத்தின் தலையை மட்டமாக வெட்டி, அதில் ஒரு வாள் வீச்சுப்போல் கோடு இழுத்திருந்தால், இந்தியில் அது தலைக்கோட்டோடு சேர்ந்து அழகாகவே அமையலாம். தமிழில் அதே கோடு மேல்விலங்கையும் புள்ளியையும் வெட்டிக்கொண்டு போகும். தமிழ்ப் படத்துக்குத் தமிழ்த் தலைப்பு மொழிபெயர்ப்புப் பிரதிபோல் வந்து சேர்கிறது என்பதைத் தயாரிப்பாளர்களாகிய நீங்கள் ஒருமுறையாவது நின்று யோசிக்க வேண்டும்.

இதில் அகலப் பிரச்சினை வேறு. ஆங்கிலத்தில் மூன்று நான்கு எழுத்தில் எழுதுகிற ஒலி தமிழில் ஒரே உயிர்மெய்யில் முடிந்துவிடும். ‘ழா’வை எழுத ஆங்கிலத்துக்கு எத்தனை எழுத்து வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஆகவே ஆங்கிலத்துக்கென்று வகுத்த நீளப் பெட்டிக்குள் தமிழ்ப் பெயர் பல நேரம் நிறையாது. நிறையவில்லை என்றால் என்ன செய்கிறார்கள்? பக்கவாட்டில் இழுக்கிறார்கள். இழுத்தால் நிற்கும் கோடுகள் கொழுத்துவிடும், படுக்கைக் கோடுகள் அப்படியே இருக்கும். வரைந்தவர் பார்த்துப் பார்த்து வைத்த தடிப்பு மெலிவு எல்லாம் அந்த ஒரு இழுப்பில் போய்விடும். இதைச் செய்ய எடுத்துக்கொள்ளும் நேரத்தில் எங்களுக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொன்னால், அகலமான வடிவம் ஒன்று எழுதித் தருவோம்.

அசையும் தலைப்பில் நடப்பதும் இதே கதை. ‘கொ’ என்ற எழுத்தை அசைவூட்டும் மென்பொருள் மூன்று துண்டாகப் பிரித்துக்கொள்கிறது. தமிழ் தெரியாத கையில் அது சிக்கினால் ககரம் முதலில் பறந்து வரும், கொம்பு பிறகு வந்து தவறான பக்கம் ஒட்டும். கையால் எழுதுவதுபோல் கோடு ஓடி வர வேண்டிய இடத்தில், எழுத்தை முடிவிலிருந்து தொடக்கத்துக்கு எழுதிக்காட்டும் மோஷன் போஸ்டர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழ் எழுதத் தெரிந்த எந்தக் குழந்தையும் சிரிக்கும்.

பெரிய கட்-அவுட்டுக்கு எழுதிய அதே வடிவத்தை ஓடிடியின் கட்டைவிரல் அளவுப் படத்துக்கும் சுருக்கிப் போடுகிறீர்கள். மூன்று சுழி ‘ண’ சுருங்கினால் சுழிகள் அடைத்துக்கொண்டு இரண்டு சுழி ‘ன’வாகத் தெரியும். சின்ன அளவுக்குத் தனியாக எழுத வேண்டும்: சுழிகளைத் திறந்து, புள்ளியைப் பெரிதாக்கி, வாலைக் குறைத்து, ஆனால் வெட்டாமல்.

இன்னொரு விஷயம் இயக்குநர்களுக்கு. கடந்த காலத்துக் கதைகளை நிறைய எடுக்கிறீர்கள். சட்டைக் காலர், பேருந்து வண்ணம், தீப்பெட்டிப் படம் எல்லாம் அந்தக் காலத்தது என்று நிரூபிக்கக் கலை இயக்குநர் பாடாய்ப்படுகிறார். தலைப்பில் மட்டும் இன்றைய ‘லை’யும் ‘ணை’யும் ‘றா’வும். இந்த வடிவங்களைக் கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு ஏற்று ஆணையிட்டது 1978-ல். பெரியார் 1935 முதலே குடி அரசு இதழில் அந்த வடிவங்களைப் பயன்படுத்தினார் என்றாலும், பொதுவாக அச்சிலும் சுவரிலும் பழைய யானைத் துதிக்கை ‘லை’யே இருந்தது. 1950-களில் நடக்கும் ஒரு கதையின் பெயரில் அந்தத் துதிக்கை வளைந்து வந்து லகரத்தின் தலையில் அமர்ந்தால், காலம் அங்கேயே நிறுவப்பட்டுவிடும். “மதராஸ், 1952” என்ற துணை எழுத்துக்கூடத் தேவைப்படாது. இன்று புழங்கும் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் அந்த வடிவம் கிடையாது. கையால் எழுதுகிறவருக்கு அது ஒரு வளைவு, அவ்வளவுதான். ஒரு படத்துக்கு இதைச் சொன்னேன். “ஆடியன்ஸுக்குப் படிக்க வராது” என்று மறுத்துவிட்டார்கள். அதே படத்தில் கடைத்தெருக் காட்சியின் பெயர்ப்பலகைகளில் எல்லாம் பழைய ‘லை’தான் இருந்தது, கலை இயக்குநர் எழுத வைத்திருந்தார்.

தலைப்பை இயக்குநர் தம் வேலையாக நினைத்த காலமும் இடமும் உண்டு. சத்யஜித் ராய் விளம்பர நிறுவனத்தில் ஓவியராக இருந்து சினிமாவுக்கு வந்தவர். தம் படங்களின் போஸ்டரையும் அதில் வரும் வங்காள எழுத்தையும் தாமே வரைந்தார். ஆங்கில எழுத்துருக்களும் உருவாக்கினார். 1964-ல் வந்த ‘டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்’ என்ற ஆங்கிலப் படத்துக்குத் தலைப்பு வடிவமைப்பாளர் பாப்லோ ஃபெரோ திரை முழுக்க மெல்லிய கோட்டில் நெடுநெடுவென்று கையால் எழுதினார். கோடு மெலிந்திருந்ததால் எழுத்தும் தெரிந்தது, பின்னால் பறக்கும் விமானமும் தெரிந்தது. அதில் ஒரு சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டுப்போய் இன்றுவரை அப்படியே இருக்கிறது என்பது வேறு விஷயம். நம்மிடமும் குறைவில்லை. வார இதழ்களில் ஒவ்வொரு கதைக்கும் தொடருக்கும் ஓவியர்கள் தலைப்பு எழுதினார்கள். கதையைப் படித்துவிட்டு எழுதினார்கள். ஓவியர் ஆதிமூலம் எழுதிய இதழ்ப் பெயர்களையும் நூல் தலைப்புகளையும் பார்த்தால், தமிழ் எழுத்துக்குள் இவ்வளவு கோபமும் இவ்வளவு அமைதியும் இருக்கிறதா என்று தோன்றும். திரையரங்கு பேனர்களில் எழுதிய கைகளுக்குப் பெயர் இல்லை. ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்தக் கைகள் வேறு வேலைக்குப் போயின. அப்போதும் இப்படித்தான் சொன்னார்கள்: வேகம், செலவு குறைவு, ஜனங்களுக்கு வித்தியாசம் தெரியாது.

உரிமை பற்றியும் பேச வேண்டும். என் எழுத்தை மாதிரியாக ஏற்றுவதற்கு யாரும் என்னைக் கேட்கவில்லை. “காசு கொடுத்தாச்சே, எங்களுடையதுதானே” என்றார் ஒருவர். ஒரு படத்தின் வெறும் பெயருக்குத் தனியாகக் காப்புரிமை கிடையாது. 2015-ல் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொல்லிவிட்டது. ஆனால் வரைந்த ஒன்று, 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி, கலைத்தரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கலைப்படைப்புதான். நீங்கள் பத்திரமாகப் பதிவு செய்து வைக்கிற பெயருக்கு இல்லாத காப்பு, நீங்கள் பொருட்படுத்தாத எழுத்தோவியத்துக்கு இருக்கிறது. அந்தச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு இன்னும் ஒன்று சொல்கிறது: காப்புரிமையை எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும், இது என் படைப்பு என்று உரிமை கோரவும், தன் பெயருக்குக் களங்கம் வரும்படி அதைச் சிதைத்தால் தடுக்கவும் படைத்தவருக்கு உரிமை உண்டு. இதைச் சொல்லி யாரையும் நீதிமன்றத்துக்கு இழுக்கும் எண்ணம் எனக்கு இல்லை. எங்களிடம் அதற்கு வசதியும் இல்லை. ஆனால் “காசு கொடுத்தாச்சு” என்பது பேச்சின் முடிவு ஆகாது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எங்களில் எத்தனை பேரிடம் எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் குறி, அதுதான் ஒப்பந்தம்.

பெயர் போடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. படம் முடிந்து ஓடும் பெயர்ப் பட்டியலில் வாகன ஓட்டுநர் பெயர் வருகிறது, உணவு பரிமாறியவர் பெயர் வருகிறது. வர வேண்டும், அது நல்ல வழக்கம். படத்தின் பெயரை எழுதியவர் பெயர் பல படங்களில் இல்லை. கேட்டால் போஸ்டர் நிறுவனத்தின் பெயருக்குள் அடக்கம் என்கிறார்கள்.

எல்லாப் படத்துக்கும் கையால்தான் எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அமைதியான ஒரு நல்ல எழுத்துருவில் பெயரை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவதுதான் சில படங்களுக்குச் சரி. அதைச் சொல்லும் முதல் ஆளாக நாங்களே இருப்போம். எழுத்துரு வரைகிறவரும் எங்களைப்போல் எழுத்தோடு மல்லுக்கட்டுகிறவர்தான். ஆனால் கையெழுத்தின் தோற்றம் வேண்டும், எழுதும் கை வேண்டாம் என்ற முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே நான் கேட்பது இவை.

தலைப்பு எழுதுகிறவருக்குக் கதை சொல்லுங்கள். முழுக் கதையும் வெளியே சொல்ல முடியாது என்றால் இயக்குநர் ஒரு மணி நேரம் ஒதுக்கிப் படத்தின் குணத்தையாவது பேசட்டும். பெயர் பதிவான அன்றே எங்களுக்கும் சொல்லிவிட்டால் ஃபர்ஸ்ட் லுக்குக்கு முந்தைய இரவில் யாரும் யாரையும் எழுப்ப வேண்டியிருக்காது.

தமிழ்ப் படத்துக்குத் தமிழ்த் தலைப்பை முதலில் எழுத வையுங்கள். பிற மொழித் தலைப்புகளை அந்தந்த எழுத்து தெரிந்தவர்களிடம் கொடுங்கள். தமிழிலிருந்து அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது குணத்தைத்தான், கோட்டை அல்ல.

எழுதித் தந்ததை வெட்டுவது, இழுப்பது, சாய்ப்பது என்றால் எழுதியவரைக் கேட்டுச் செய்யுங்கள். அகலமான வடிவம், அடுக்கு வடிவம், சிறிய அளவுக்கான வடிவம் மூன்றையும் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கிவிடுங்கள், அதற்கும் சேர்த்துக் கூலி பேசுங்கள். அச்சுக்கோ இணையத்துக்கோ போகும் முன் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு எழுத்தையும் விரல் வைத்துப் படித்துப் பார்க்கட்டும்.

எங்கள் தலைப்புகளைச் செயலிக்கு மாதிரியாகவோ பயிற்சிக்காகவோ கொடுப்பதற்கு முன் எழுத்தில் அனுமதி கேளுங்கள். மறுத்தால் மறுப்பை மதியுங்கள். இதையும், எந்தப் பயன்பாட்டுக்கு எவ்வளவு காலம் என்பதையும் குறிப்பிடும் ஒரு பக்க ஒப்பந்தத்தைத் தயாரிப்பாளர் சங்கங்கள் பொதுவாக வகுத்துத் தர வேண்டும். எங்களைக் கூப்பிட்டால் வந்து உட்கார்ந்து பேசுகிறோம்.

‘தலைப்பு எழுத்து’ என்று தனியாக ஒரு வரி போட்டு, எழுதியவர் பெயரைத் திரையில் போடுங்கள்.

என் தலைப்பை இணைத்து அனுப்பிய நிறுவனத்துக்குத் தனியாக ஒன்று. அந்த மாதிரித் தொகுப்பிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். செயலி எழுதிய தலைப்போடு வரவிருக்கும் படத்தின் விளம்பரம் இன்னும் வெளியாகவில்லை என்று கேள்விப்படுகிறேன். அதன் இயக்குநரை என்னிடமோ, வேறு எந்த எழுத்தோவியரிடமோ அனுப்பிக் கதை சொல்லச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
திரைப்படத் தலைப்பு எழுதும் ஓவியர் ஒருவர்